தங்கச்சி கார்டுல ரெண்டு டாக்டர் ரெண்டு நோய்ப் பேர் எழுதியிருக்காங்க

பால்மரத்துமகள் (சுங்கை சிப்புட்):
என் தங்கச்சிக்கு 26 வயசு. போன வருஷம் பார்த்த டாக்டர் 'பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு'ன்னு எழுதினார். இப்போ பார்க்கிறவர் 'ஆளுமைக் கோளாறு, நடுத்தரம்'னு எழுதிட்டு, பேரைப் பத்திக் கவலைப்படாதீங்கன்னுட்டார். எனக்குக் கவலையா இருக்கு. நான் செம்பனை மில்லுல சிஃப்ட் வேலை. 20 நிமிஷம் லேட்டானா போன்ல 14 மிஸ்டு கால். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் 'என்னை விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைச்சேன்'னு கத்துவா. கத்தி ஓய்ஞ்சதும் கொடியில கிடக்கிற என் யூனிஃபார்மை எடுத்து, காலரைக் கையாலேயே நீவி நீவி மடிச்சு வைப்பா. லயத்துல அவளைக் கிறுக்குங்கிறாங்க. அவங்க யாரும் அந்தக் காலரைப் பார்த்ததில்ல. ரெண்டு டாக்டர்ல யார் சொன்னது தப்பு?

முகில் (தைப்பிங்):
ரெண்டுமே தப்பில்லம்மா. நான் மனநல வார்டுல நர்ஸா இருந்து ஓய்வு பெற்றவன். அவங்க ஆளுக்கொரு புத்தகத்தை வச்சுப் பார்த்திருப்பாங்க. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட டிஎஸ்எம்-5ங்கிற மனநோய்க் கையேட்டுல (2013) ஆளுமைக் கோளாறு 10 வகை. பார்டர்லைனுக்கு, விட்டுட்டுப் போயிடுவாங்களோங்கிற பயம், கட்டுக்கு அடங்காத கோபம் மாதிரி 9 அறிகுறி, அதுல 5 இருந்தா போதும். கணக்குப் போட்டா 256 விதமா அதே பேர் வரும். ஒரே ஒரு அறிகுறி மட்டும் ஒத்துப்போற ரெண்டு பேருக்கும் அதே பேர்தான். 4 இருக்கறவங்களுக்கு அந்தப் பேர் கிடையாது, கஷ்டம் மட்டும் இருக்கும். வார்டுல இதைப் பார்த்து எனக்கு மனசு ஆறினதே இல்ல.

உலகச் சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11ங்கிற நோய்ப் பட்டியல் (2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்தது) அந்த மாதிரி வகைகளை நீக்கிட்டு, தன்னைப் பத்தின நினைப்பும் மத்தவங்களோட உறவும் எவ்வளவு பாதிச்சிருக்குன்னு முதல்ல கேட்குது: லேசா, நடுத்தரமா, கடுமையா. குணத்தோட சாயலை அப்புறம்தான் எழுதுவாங்க. 'நடுத்தரம்' அங்கேருந்து வந்ததுதான்.

தனிமரம் (லூனாஸ்):
அக்கா, எனக்கு 19 வயசுல பார்டர்லைன்னு எழுதினாங்க. அதுக்கப்புறம் கையில காயத்தோட போனாலும் 'கவனிக்கணும்னு பண்றா'ன்னு என் காதுபடவே பேசினாங்க. ஆனா அந்தப் பேர் இருந்ததாலதான் டிபிடிங்கிற, உணர்ச்சிகளைச் சமாளிக்கக் கத்துக்கொடுக்கிற பேச்சு சிகிச்சைக்கு அனுப்பினாங்க, எனக்கு அது உதவுச்சு. ஐசிடி-11லயும் பார்டர்லைனைத் துணைக்குறிப்பா சேர்க்கலாம். உங்க டாக்டர் சேர்த்திருக்காரான்னு கேளுங்க.

பால்மரத்துமகள்:
ரெண்டு பேருக்கும் நன்றி. இதை அவகிட்ட வாசிச்சுக் காட்டினேன். 'தன்னைப் பத்தின நினைப்பு'ங்கிற இடத்துல நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொன்னா. ஐயா, அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது அதை அவளே ஒரு நோட்டுல எழுதிக்கிட்டுப் போகலாமா? டாக்டருங்க அதையெல்லாம் வாங்கிப் படிப்பாங்களா?