நம்ம வீடு குழு: சனிக்கிழமை சிங்கப்பூர்

அம்மா: மீனா, பிரசவ லேகியம் கிண்டியாயிற்று. அங்காயப் பொடி, சுக்கு, கண்டதிப்பிலி, பத்தியத்துக்குப் பூண்டு எல்லாம் கட்டிவிட்டேன். இன்னும் இடம் இருக்கிறது. வேறு என்ன வேண்டும்?

மீனா: சுக்கு, திப்பிலி, பூண்டு எல்லாம் இங்கே தேக்கா சந்தையிலேயே கிடைக்கும் அம்மா. லேகியமும் பொடியும் போதும். கசகசா எதுவும் வைக்கவில்லையே?

அம்மா: கால் கிலோ வைத்திருக்கிறேன். குருமாவுக்கு வேண்டாமா?

மீனா: ஐயோ, முதலில் அதை எடு! இங்கே அது போதைப்பொருள் தடுப்புத் துறை பார்க்கிற சமாச்சாரம். பொடியில் அரைத்துக் கலந்திருந்தாலும் வேண்டாம்.

சித்தி: நல்லவேளை கேட்டாள். அக்கா, அந்தக் கொப்பரையையும் எடுத்துவிடு. எண்ணெய்ப் பசை, தீப்பிடிக்கும் என்று திருச்சியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

செந்தில்: லேகியம், ஊறுகாய், நெய் மூன்றும் பெரிய பெட்டியில் போகட்டும். கையில் வைத்தால் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். பவர் பேங்க் நேர்மாறு, அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

மீனா: அப்பாவின் பிரஷர் மாத்திரையும் கைப்பையில். டப்பாவில் பிரித்துப் போடாமல் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு வையுங்கள். தூக்க மாத்திரை ஏதாவது உண்டா? சிலவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

அம்மா: அவருக்கா தூக்க மாத்திரை? உட்கார்ந்தாலே குறட்டைதான்.

செந்தில்: 😂 அக்கா, சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்புகிற எஸ்ஜி அரைவல் கார்டை இப்போதே போட்டுவிடட்டுமா?

மீனா: இன்றைக்குச் செவ்வாய்தானே, எடுக்காது. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் போட முடியும். வியாழக்கிழமை போடு. குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் அது இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் மூடிவிடு, நிறைய போலி உலாவுகிறது. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். மின்னஞ்சலுக்கு உன்னுடையதைக் கொடு.

செந்தில்: எதற்கு என்னுடையது?

மீனா: இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எதுவரை தங்கலாம் என்பது இ-பாஸாக மின்னஞ்சலுக்குத்தான் வரும். விசாவில் இருக்கும் தேதியைப் பார்த்து அதுவரை இருக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது, இரண்டும் வேறு. நாள் போதாவிட்டால் இங்கிருந்தே நீட்டிக்கக் கேட்கலாம். அப்புறம் அப்பா, புகையிலை கொண்டுவராதீர்கள்.

அப்பா: ஒரே ஒரு பொட்டலம் அம்மா.

மீனா: ஒன்றும் கூடாது அப்பா. மெல்லுகிற புகையிலைக்கு இங்கே அடியோடு தடை. பபிள்கம்மையே விடமாட்டார்கள்.

அப்பா: வெற்றிலை?

மீனா: தேக்காவில் வாங்கித் தருகிறேன்.

செந்தில்: அங்கே பிளக் பாயிண்ட்டில் மூன்றும் பட்டைக் கம்பிதானே? இரண்டு அடாப்டர் வாங்கிவிடுகிறேன்.

சித்தி: பெட்டி காலியாகப் போகிறதே என்று வருத்தப்படாதே அக்கா. வரும்போது கோடாலித் தைலம் ஒரு டஜன் போட்டுக்கொண்டு வா.

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும். நீ வந்து இந்தக் கசகசாவை எடுத்துக்கொண்டு போ.