எக்ஸ்எஸ்எல்டி: சொல் தொகுப்பை வலைப்பக்கமாக மாற்றினால் வெறும் எழுத்து மட்டும் வருகிறது

அல்சூர்வாசகி:
வணக்கம். பெங்களூரில் அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சுச் சொற்களை நாங்கள் சிலர் தொகுத்து வருகிறோம். எல்லாம் டிஇஐ (நூல்களுக்கும் அகராதிகளுக்கும் டேக் இடும் பொது விதிமுறை) முறைப்படி எக்ஸ்எம்எல்லில் இருக்கிறது, சொல்லுக்கு ஒரு என்ட்ரி, அதற்குள் சொல்லின் வடிவம், பொருள், எந்தப் பகுதியில் கேட்டது என்ற குறிப்பு. இதை எச்டிஎம்எல் ஆக்க எக்ஸ்எஸ்எல்டி மொழியில் ஸ்டைல்ஷீட் (மாற்றும் விதிகள் உள்ள கோப்பு) எழுதி, அதை இயக்கும் எக்ஸ்எஸ்எல்டி-ப்ராக் நிரலில் ஓட்டினால் பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை, ஆனால் தலைப்பும் இல்லை பத்தியும் இல்லை, எல்லாச் சொல்லும் பொருளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொட்டுகிறது. டேக் பெயர்களை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டேன், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எங்கே பார்ப்பது?

வைட்ஃபீல்ட்குமார்:
நேம்ஸ்பேஸ்தான் (டேக் பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று காட்டும் முகவரி), வேறெதுவும் இல்லை. டிஇஐ ஆவணத்தின் முதல் டேகிலேயே எக்ஸ்எம்எல்என்எஸ் என்று ஒரு முகவரி இருக்கும், பாருங்கள். அது இருந்தால் உள்ளே இருக்கும் என்ட்ரி எல்லாம் அந்த நேம்ஸ்பேஸைச் சேர்ந்தவை. உங்கள் ஸ்டைல்ஷீட்டில் உள்ள டெம்ப்ளேட்டோ (ஒரு டேகுக்கான மாற்று விதி) முன்னொட்டு இல்லாத என்ட்ரியைத் தேடுகிறது, டேகுகளைத் தேட எக்ஸ்எஸ்எல்டி பயன்படுத்தும் எக்ஸ்பாத் 1.0-இல் அதற்குப் பொருள் 'எந்த நேம்ஸ்பேஸிலும் இல்லாத என்ட்ரி'. அப்படி ஒன்று ஆவணத்தில் கிடையாது. எந்த டெம்ப்ளேட்டும் பொருந்தாதபோது மொழியிலேயே உள்ள இயல்பு விதிகள் வேலை செய்யும்: உள்ளே இறங்கிப்போ, எழுத்து கிடைத்தால் அப்படியே வெளியே விடு. நீங்கள் பார்ப்பது அதைத்தான், அதனால்தான் பிழைச்செய்தியும் இல்லை.

ஸ்டைல்ஷீட்டில் அதே முகவரிக்கு ஒரு முன்னொட்டு கொடுத்து எல்லா மேட்சிலும் அதைப் போடுங்கள். எக்ஸ்எஸ்எல்டி 2.0 அல்லது 3.0 தெரிந்த சாக்ஸன் என்ற நிரலுக்கு மாறினால் இன்னும் சுலபம், எக்ஸ்பாத்-டிஃபால்ட்-நேம்ஸ்பேஸ் என்று ஒரே இடத்தில் எழுதினால் போதும். சாக்ஸன் எச்இ இலவசம், ஜாவா மட்டும் வேண்டும். எக்ஸ்எஸ்எல்டி-ப்ராக் இன்னும் 1999-இல் வந்த 1.0-இலேயே நிற்கிறது.

அல்சூர்வாசகி:
சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி! சாக்ஸனுக்கும் மாறிவிட்டேன். அப்புறம் இன்னொன்று, இதுதான் எங்களுக்கு முக்கியம். அகர வரிசைப்படி அடுக்கச் சொன்னால் அன்பு, அறம், அளவு, அழகு, அவல் என்று வருகிறது. எங்கள் தொகுப்பைப் படிக்கப்போகிற பெரியவர்கள் அச்சு அகராதி புரட்டிப் பழகியவர்கள், இந்த வரிசையைப் பார்த்தால் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார்கள்.

மாட்டுங்கா_மெய்ப்பாளர்:
அம்மா, நீங்கள் கொடுத்த ஐந்தும் அச்சாகத் தலைகீழ். நமக்கு வ, ழ, ள, ற, ன. யூனிகோடில் ன, ற, ள, ழ, வ. தமிழுக்கான யூனிகோடு அட்டவணை இஸ்கி என்ற பழைய இந்திய எழுத்துக் குறியீட்டைப் பின்பற்றியது, அதில் இந்திய எழுத்துகள் எல்லாம் ஒரே சட்டகத்தில் அடுக்கப்பட்டதால் ன போய் ந பக்கத்திலும், ற போய் ர பக்கத்திலும் உட்கார்ந்துவிட்டன. மெய்யெழுத்திலும் தகராறு உண்டு: அகராதியில் அக்கா முதலில், அகம் பிறகு. யூனிகோடில் புள்ளியின் எண் மெய்களைவிடப் பெரியது என்பதால் அகம் முந்திக்கொள்ளும்.

தமிழ் வரிசை தெரிந்த கொலேஷன் (எழுத்துகளை அடுக்கும் விதி) உங்கள் சாக்ஸனில் கிடைத்தால் அதையே பயன்படுத்தலாம். ஆனால் எந்தக் கணினியில் ஓட்டினாலும் ஒரே வரிசை வர வேண்டும் என்றால் வரிசைத் திறவை (சொல்லுக்குப் பதிலாக ஒப்பிட்டு அடுக்கப்படும் மாற்று வடிவம்) நீங்களே செய்துகொள்வதுதான் நல்லது என்பது என் கருத்து. அடுக்கும் கட்டளையான சார்ட்டின் செலக்ட்டில், எழுத்துக்கு எழுத்து மாற்றும் டிரான்ஸ்லேட் பயன்படுத்தி ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் ஒரு மாற்றுக் குறியாக்குங்கள். குறிகளின் ஏறுவரிசை இப்படி: முதலில் புள்ளி, பிறகு உயிர்கள், ஆய்தம், பிறகு க முதல் ன வரை நம் வரிசையில், அதற்குப் பின் ஜ, ஷ, ஸ, ஹ, கடைசியில் துணைக்கால், கொம்பு எல்லாம். பெங்களூர்ப் பேச்சில் ஜாஸ்தி, ஜல்தி எல்லாம் இருக்குமே, அப்படியே விட்டால் ஜ நேராக ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் வந்து நிற்கும். கொலேஷனாக, யூனிகோடு எண் வரிசைப்படியே அடுக்கும் கோட்பாயின்ட் முகவரியையே கொடுங்கள். புள்ளியைத் தனியாகத் தட்டினால் எடிட்டரில் முன் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு கண்ணைக் குழப்பும், 3021 என்ற எண் குறியீடாக எழுதுவது நல்லது.

டிரான்ஸ்லேட்டுக்கு முன், ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் நார்மலைஸ்-யூனிகோட் கட்டாயம். கொ என்பதைச் சிலர் ஒற்றைக் குறியாகவும் சிலர் கொம்பு, கால் என்று இரண்டாகவும் தட்டியிருப்பார்கள், கண்ணுக்கு ஒன்றுதான், டிரான்ஸ்லேட்டுக்கு வேறு வேறு.

வைட்ஃபீல்ட்குமார்:
அருமை, இதைச் சேமித்துவைத்துக்கொள்கிறேன். எழுத்துவாரியாகத் தலைப்பு வேண்டுமென்றால் குழுவாகப் பிரிக்கும் ஃபார்-ஈச்-குரூப் கட்டளையில் சொல்லின் முதல் குறியை சப்ஸ்ட்ரிங்கால் எடுத்துக் குழுவாக்குங்கள். கா, கி, கொ எல்லாவற்றிலும் யூனிகோடு க-வைத்தான் முதலில் வைக்கிறது, தானாகவே க என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும். குழுக்களுக்கு ஒரு சார்ட், உள்ளே கரண்ட்-குரூப்புக்கு (அந்தக் குழுவில் உள்ள சொற்களுக்கு) இன்னொரு சார்ட், இரண்டிலும் மேலே சொன்ன திறவு.

அல்சூர்வாசகி:
அவல் முதலில் வந்துவிட்டது!! இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எக்ஸ்எம்எல்லையும் ஸ்டைல்ஷீட்டையும் அப்படியே ஏற்றிவிட்டு பிரௌசரே மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டால் போதுமா?

வைட்ஃபீல்ட்குமார்:
வேண்டாம். பிரௌசர்கள் எக்ஸ்எஸ்எல்டி 1.0-ஐத் தாண்டவே இல்லை, ஃபார்-ஈச்-குரூப் அங்கே ஓடாது. குரோமிலிருந்து எக்ஸ்எஸ்எல்டியை எடுத்துவிடப்போவதாக 2025-இல் கூகுள் அறிவித்தும்விட்டது. உங்கள் கணினியிலேயே சாக்ஸனை ஓட்டி, வரும் எச்டிஎம்எல்லை மட்டும் ஏற்றுங்கள், கூடவே மூல எக்ஸ்எம்எல்லைத் தரவிறக்க ஒரு சுட்டியும் கொடுங்கள், ஆய்வு செய்கிறவர்களுக்கு உதவும்.