அமெரிக்காவில் போட்ட ஃப்ளூ ஊசி, தூக்க முடியாத தோள்: பெங்களூரிலிருந்து நஷ்டஈடு கேட்கலாமா?

அல்சூர்வாசி: மாமியார் நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தபோது மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போட்டார். அன்று ராத்திரியே இடது தோளில் வலி. எட்டு மாதம் ஆகியும் கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை. எம்ஆர்ஐயில் பர்சைட்டிஸ் (மூட்டையொட்டிய திரவப் பையான பர்சாவில் வீக்கம்) என்று வந்தது. சர்க்கரை கிடையாது. இங்கிருந்தே கேட்க வழி உண்டா? வக்கீலுக்கு எவ்வளவு ஆகும்?

மனுதாரர்பக்கம்: உண்டு சார். ஊசி அமெரிக்காவில் போட்டதுதான் முக்கியம், குடியுரிமை தேவையில்லை. கடை மேல் கேஸ் இல்லை. 1986ஆம் வருஷச் சட்டப்படி அமைந்த தடுப்பூசி நஷ்டஈட்டுத் திட்டத்தில் மனு. வாஷிங்டன் ஃபெடரல் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் தாக்கலாகும்.

ஊசியால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளும் பாதிப்புகளுக்கு அந்தத் திட்டத்தில் ஒரு அட்டவணை உண்டு; தோள் காயம் 2017இல் அதற்குள் வந்துவிட்டது. அதனால் ஊசிதான் காரணம் என்று தனியாக நிரூபிக்க வேண்டாம். ஆனால் அந்தத் தோளில் முன்பே வலி இருந்திருக்கக் கூடாது, 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், வலியும் அசைவுக் குறைவும் அந்தத் தோளோடு நிற்க வேண்டும், கழுத்து நரம்பு மாதிரி வேறு காரணம் இருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் பாதிப்பு நீடித்திருப்பதும் அவசியம். உங்களுக்கு அது பொருந்துகிறது. கெடு, முதல் அறிகுறியிலிருந்து 3 வருஷம்.

நியாயமான ஆதாரத்தோடு நேர்மையாகப் போட்ட மனு என்றால், தோற்றாலும் வக்கீல் ஃபீஸைத் திட்டமே கொடுக்கும். கிடைப்பதில் பங்கு கேட்கும் வக்கீல் வேண்டவே வேண்டாம், சட்டம் அதை அனுமதிப்பதில்லை. வலி வேதனைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். பிசியோ பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

எலும்புமூட்டு: இந்த மாதிரி கேஸ் சறுக்குவது பெரும்பாலும் முதல் ஓபி சீட்டில்தான். டாக்டர் "தோள் வலி, 3 வாரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் 48 மணி நேரக் கணக்கு அடிபடும். பழைய சீட்டைத் திருத்தச் சொல்லாதீர்கள், மொத்த ஃபைலும் சந்தேகத்துக்குள்ளாகும். அடுத்த விசிட்டில் ஊசித் தேதி, எந்தக் கை, வலி தொடங்கிய நேரம் மூன்றையும் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். கை பக்கவாட்டில் எத்தனை டிகிரி உயர்கிறது என்பதும் எண்ணாக வரட்டும். அன்று ராத்திரி யாருக்காவது வாட்ஸ்ஆப்பில் வலி என்று அனுப்பியிருந்தால் அது தங்கம். மருந்துக்கடைப் பதிவில் இடதா வலதா என்று இருக்கிறதா எனப் பாருங்கள். தோள் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே குத்த வேண்டிய ஊசி மேலே ஏறினால், மருந்து தசைக்குப் பதில் பர்சாவில் இறங்கி வீங்கும். எம்ஆர்ஐ ரிப்போர்ட் இதோடு ஒத்துப்போகிறது.

ஜெயநகர்4பிளாக்: ஃப்ளூ ஊசிதானா என்று உறுதி செய்யுங்கள். கோவிட் ஊசி என்றால் திட்டமே வேறு: போட்ட நாளிலிருந்து 1 வருஷம்தான், வக்கீல் ஃபீஸும் கிடையாது.

இதே ஊசி பெங்களூரில் காசு கொடுத்துப் போட்டதென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 வருஷத்துக்குள். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. ஆனால் இங்கே கவனக்குறைவை நாம்தான் நிரூபிக்க வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகப் போடும் அரசு ஆஸ்பத்திரி ஊசி, சுப்ரீம் கோர்ட்டின் 1995 சாந்தா தீர்ப்புப்படி இதில் வராது.