டீகாஸ் ஆணையிட்டால் விமானி யோசிக்கலாமா?

கதிரவன்:
இரண்டு விமானங்கள் ஆபத்தான அளவுக்கு நெருங்கும்போது, மோதல் தவிர்ப்புக் கருவியான டீகாஸ் முதலில் "டிராஃபிக், டிராஃபிக்" என்று எச்சரிக்கும். நெருக்கம் குறையாவிட்டால் மேலே ஏறும்படியோ கீழே இறங்கும்படியோ ஆணையிடும். 5 விநாடிக்குள் அதற்கு இணங்கத் தொடங்க வேண்டும் என்பதும், தரையிலிருந்து வழிநடத்தும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேறு விதமாகச் சொன்னாலும் கருவி சொல்வதையே செய்ய வேண்டும் என்பதும் இன்றைய விதி. ஆனால் விமானத்தின் பாதுகாப்புக்கே கேடு வரும் என்றால் விலகலாம் என்று அதே விதி விமானிக்கு இடம் கொடுக்கிறது. அந்த இடத்தை இன்னும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து.

காரணத்தைச் சொல்கிறேன். ஒரு விமானம் நிமிடத்துக்கு 3000 அடி வேகத்தில் ஏறி வந்து, இன்னொன்றுக்கு 1000 அடி கீழே சமநிலைக்கு வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது அங்கே நின்றுவிடும் என்பது அதன் விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் தெரியும், டீகாஸுக்குத் தெரியாது. தூரம், உயரம், நெருங்கும் வேகம் ஆகியவற்றை மட்டும் கணக்கிட்டு அது ஆணை பிறப்பித்துவிடும். தெளிந்த பகல் வானில் எதிர் விமானத்தைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டிருக்கும் அனுபவசாலி, இது தேவையற்ற ஆணை என்று முடிவெடுப்பதில் என்ன பிழை?

செல்வி:
யூபர்லிங்கனை மறந்துவிட்டுப் பேச முடியாது. 2002 ஜூலை 1 இரவு, தெற்கு ஜெர்மனியின் வானில் ஒரு டுபோலெவ் 154 விமானமும் ஒரு போயிங் 757 சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். டுபோலெவின் டீகாஸ் ஏறச் சொன்னது. சூரிக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். ஏறச் சொல்கிறதே என்று துணை விமானி எடுத்துச் சொன்ன பிறகும் அவர்கள் இறங்கினார்கள். சரக்கு விமானம் தன் டீகாஸ் சொன்னபடியே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டாளர் தனி ஆளாக இரண்டு அலைவரிசைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்பதும், எதிர் விமானம் வலப்புறம் இருப்பதாக அவர் சொன்னபோது அது உண்மையில் இடப்புறம் இருந்தது என்பதும் விமானிகளுக்குத் தெரிய வழியே இல்லை.

கதிரவன்:
அந்தத் துயரம் கட்டுப்பாட்டாளரை நம்புவதா, கருவியை நம்புவதா என்ற கேள்வியைச் சார்ந்தது. அதற்கு 2003இல் சர்வதேச விதியே தெளிவான விடை தந்துவிட்டது. அதில் எனக்கு மாறுபாடு இல்லை. நான் கேட்பது விமானியின் கண்ணைப் பற்றி.

செல்வி:
கண்ணைப் பற்றியே பேசுவோம். 2001 ஜனவரி 31 அன்று, ஜப்பானில் ஒரே நிறுவனத்தின் போயிங் 747 விமானமும் டிசி-10 விமானமும் மிக நெருக்கமாகக் கடந்தன. இரண்டிலும் சேர்த்து 677 பேர் இருந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் விமான எண் மாறிப்போனதால், இறங்கும்படியான உத்தரவு தவறான விமானத்துக்குப் போய்விட்டது. 747இன் டீகாஸ் ஏறச் சொன்னபோது, அதன் தலைமை விமானி எதிர் விமானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டோம் என்று எண்ணி, இறங்குவதையே தொடர்ந்தார். டிசி-10இன் கருவியும் இறங்கத்தான் சொல்லியிருந்தது. கடைசி நொடியில் 747 தலைகுப்புறப் பாய்ந்து தப்பியது. உள்ளே சுமார் 100 பேர் காயமடைந்தார்கள். நீங்கள் சொல்லும் பகல் வெளிச்சமும் அனுபவமும் அங்கே இருந்தன. எதிரில் தெரிவது ஏறுகிறதா, இறங்குகிறதா, நாம் கேட்ட எச்சரிக்கை அதைப் பற்றியதுதானா என்பதைச் சில விநாடிகளுக்குள் கண்ணால் தீர்மானிக்க இயலாது.

முத்துவேல்:
இருவருமே விமானியின் மனத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கருவியின் மொழியையும் பாருங்கள். முந்தைய பதிப்பில் "அட்ஜஸ்ட் வெர்டிகல் ஸ்பீட்" என்றொரு குரல் ஒலித்தது. ஏறும் வேகத்தையோ இறங்கும் வேகத்தையோ குறைக்கச் சொல்லும் ஆணை அது. சில விமானிகள் அதை நேர்மாறாகப் புரிந்துகொண்டு வேகத்தைக் கூட்டினார்கள். 7.1 பதிப்பில் அதை "லெவல் ஆஃப்", அதாவது சமநிலைக்கு வா, என்று மாற்றினார்கள். இன்று சில ஏர்பஸ் விமானங்களில் ஆட்டோபைலட்டே ஆணையை நிறைவேற்றுகிறது. ஆணையை மனிதக் கை தாமதப்படுத்துகிறது அல்லது மிகைப்படுத்துகிறது என்றால், அந்த வேலையை எந்திரத்திடமே கொடுத்துவிடலாம்.

கதிரவன்:
முத்துவேல் அவர்களின் யோசனையை நான் எதிர்க்கவில்லை. ஆட்டோபைலட்டைத் துண்டிக்கும் உரிமை மட்டும் விமானியிடம் இருக்க வேண்டும். விமானம் வேகமிழந்து விழும் நிலை, தரை நெருக்கம், காற்று வெட்டு (காற்றின் வேகமோ திசையோ திடீரென மாறுவது) ஆகிய எச்சரிக்கைகள் டீகாஸுக்கும் மேலானவை என்று விதியே வரிசைப்படுத்தியிருக்கிறது. தவிர, விமானத்தின் அடையாளத்தையும் உயரத்தையும் ரேடியோ வழியே அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் இயங்காவிட்டால், அந்த விமானத்தை டீகாஸ் அறியவே அறியாது. 2006இல் பிரேசிலில் இரண்டு விமானங்கள் வானில் மோதி 154 பேர் இறந்தது அப்படித்தான்.

செல்வி:
பிரேசிலில் கருவி மௌனமாக இருந்தது உண்மைதான். ஆனால் அங்கே விமானிகளின் கண்களும் எதிர் விமானத்தைக் காணவில்லை. தரையும் வேகமிழப்பும் குறித்த விதிவிலக்கை நான் முழுமனதாக ஏற்கிறேன். அதை "எனக்குத் தேவையில்லை என்று தோன்றியது" என்பது வரை நீட்டுவதைத்தான் ஏற்க முடியாது.

ஒன்றை மறந்துவிடுகிறோம்: அந்த ஆணை உங்களுக்கு மட்டும் வருவதில்லை. இரண்டு கருவிகளும் டிரான்ஸ்பாண்டர் வழியே பேசி, ஒன்று ஏறுவது, மற்றது இறங்குவது என்று பங்கிட்டுக்கொண்ட பிறகே குரல் எழுகிறது. நீங்கள் விலகினால், நீங்கள் ஏறுவீர்கள் என்று நம்பி இறங்கும் விமானத்தின் பாதையில்தான் விலகுகிறீர்கள்.

தேவையற்ற ஆணைகளைக் குறைக்க வேண்டும் என்ற உங்கள் அக்கறை நியாயமானது. அதற்கான வழி ஆணை வருவதற்கு முன்பே இருக்கிறது: அருகில் வேறு விமானம் இருக்கும்போது, அடைய வேண்டிய உயரத்துக்கு முந்தைய 1000 அடியில் ஏறும் வேகத்தையும் இறங்கும் வேகத்தையும் நிமிடத்துக்கு 1500 அடிக்குள் வைத்துக்கொள்வது. நீங்கள் முதலில் சொன்ன எடுத்துக்காட்டில், 3000 அடி வேகத்தில் ஏறி வந்த விமானி இதைச் செய்திருந்தால் அந்தக் குரல் பெரும்பாலும் எழுந்தே இருக்காது.