ஆர்.வி. கடையில் பகுதி நேர வேலை பார்த்தால் பாதிச் சம்பளம் போய்விடுமா?

எல்க்கார்ட்_பெரியவர்:
நேற்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. "ஓய்வு பெற்ற பிறகு, வீடு போலப் படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள ஆர்.வி. வண்டிகளை விற்கும் கடையில் போய் நிற்பவர்கள் ஏமாளிகள், சம்பளத்தில் பாதியை அரசாங்க ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டி பிடித்துக்கொள்ளும், மீதிப் பாதிக்காக வெயிலில் காய வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். நான் இந்தியானாவில் எல்க்கார்ட் பக்கம் இருக்கிறேன். அமெரிக்காவில் ஓடுகிற ஆர்.வி.க்களில் பெரும்பாலானவை இந்த வட்டாரத்தில்தான் செய்யப்படுகின்றன. 31 வருடம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தேன், இப்போது வயது 68, ஒரு டீலரிடம் வாரம் மூன்று நாள் வேலை. இந்தக் காரணத்தைச் சொல்லி என்னிடம் ஒரு டாலர்கூட யாரும் பிடிக்கவில்லை. தெரியாததை எழுதி ஜனங்களைப் பயமுறுத்தாதீர்கள்.

கணக்கு_63:
எழுதியது நான்தான், "ஒருவர்" என்று மறைக்க வேண்டாம். 2 டாலருக்கு 1 டாலர் பிடிப்பார்கள் என்று விதியிலேயே இருக்கிறது. இரண்டில் ஒன்று பாதி இல்லாமல் காலா, முக்காலா?

எல்க்கார்ட்_பெரியவர்:
எதற்கு மேல் 2-க்கு 1 சார்? அதை விழுங்கிவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் எப்படி? 2025-க்கு வரம்பு 23,400 டாலராக இருந்தது. அதற்கு மேல் சம்பாதிக்கிற தொகைக்குத்தான் இந்தக் கணக்கு. அந்த வருடம் ஒருவர் மணிக்கு 20 டாலர் வீதம் வாரம் 24 மணி நேரம், வருடத்துக்கு 50 வாரம் வேலை செய்தால் 24,000 வரும். வரம்பைத் தாண்டியது 600, பிடிப்பது 300. நீங்கள் சொன்னபடி பாதி என்றால் 12,000. 300 எங்கே, 12,000 எங்கே? அதுவும் சம்பளத்தில் கை வைப்பதில்லை, மாதாமாதம் வருகிற ஓய்வுத் தொகையில்தான் நிறுத்துகிறார்கள். முழு ஓய்வு வயது வந்துவிட்டால் வரம்பே கிடையாது. 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அது 67.

கணக்கு_63:
300 பிடித்தார்களா இல்லையா? பிடித்தார்கள். அது 600-ல் பாதியா இல்லையா? பாதி. நான் சொன்னதும் பாதிதான்.

ஒஹாயோ_மதுரைக்காரி:
அண்ணா, என் கணவருக்கு 64 ஆகிறது. வீட்டில் உட்கார முடியாமல் பக்கத்து ஊர் ஆர்.வி. கடையில் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். முழங்கால் வலி உள்ளவர். ஏணி போட்டுக் கூரை மேல் ஏற வேண்டி வருமா? சனிக்கிழமை கட்டாயமா?

டெக்சாஸ்_சிங்கம்:
பணத்தை விடுங்கள். எம்.இ. படித்துவிட்டு, கக்கூஸ் தொட்டியை எப்படிக் காலி செய்வது என்று ஊர் பேர் தெரியாதவனுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் பெருமையா? நம் பிள்ளைகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

எல்க்கார்ட்_பெரியவர்:
தம்பி, அதைக் கற்றுக்கொடுப்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. கக்கூஸ் தொட்டியான பிளாக் டேங்கை முதலில் திறந்து, பிறகு குளித்த தண்ணீர் சேரும் கிரே டேங்கைத் திறந்தால் அந்தத் தண்ணீர் வந்து குழாயைக் கழுவிவிடும். வரிசை மாறினால் அந்தக் குடும்பத்தின் முதல் விடுமுறை நாறிப்போகும். நான் செய்வதற்கு வாக்-த்ரூ என்று பெயர். வண்டியை வாங்கியவருக்கு ஒவ்வொரு சாமானையும் தொட்டுக் காட்டி, அவர் கையாலேயே இயக்க வைக்க வேண்டும். உள்ளே இடத்தைப் பெரிதாக்க ஸ்லைடு என்ற பக்கவாட்டுப் பகுதியை வெளியே தள்ளுவது, கூடாரத் துணியை விரிப்பது, கேஸ் கசிகிறதா என்று பார்ப்பது, எல்லாம். ஒழுங்காகச் செய்தால் மூன்று மணி நேரம் ஆகும்.

போன வருடம் ஒருவர் புது டிரெய்லரை வீட்டுக்குக் கொண்டுபோய், சார்ஜ் போட 30 ஆம்ப் சாக்கெட் ஒன்று வேண்டும் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர் அதைத் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான சாக்கெட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிட்டார். ஆர்.வி.யின் 30 ஆம்ப் பிளக்குக்கு மூன்று கால், அது 120 வோல்ட். 50 ஆம்ப் பிளக்குக்குத்தான் நான்கு கால், அதில் இரண்டு 120 வோல்ட் கம்பிகள் வரும். மைக்ரோவேவ், பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் கன்வெர்ட்டர், டிவி எல்லாம் ஒரே நொடியில் போயின. திரும்பக் கொண்டுவந்தபோது கதவைத் திறந்ததுமே கருகிய வாடை. அவர் மனைவி படியில் உட்கார்ந்து அழுதார். அன்றிலிருந்து ஒவ்வொருவர் கையிலும் அந்தப் பிளக்கைக் கொடுத்து, மூன்று கால்களையும் எண்ணச் சொல்லி, போனில் படம் எடுக்க வைத்த பிறகுதான் அடுத்த சாமானுக்கு நகர்வேன். என் எம்.இ. படிப்பு வீணாகவில்லை தம்பி.

எடையும் அப்படித்தான். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 40 காலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டுக்கு மேல். அதை யோசிக்காமல் பின்பக்கம் சைக்கிள், நாற்காலி, ஜெனரேட்டர் என்று ஏற்றுவார்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்கொக்கியில் விழ வேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆட ஆரம்பிக்கும். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்ல எங்களைப் போன்ற வயசானவர்கள்தான் வேண்டும்.

கணக்கு_63:
பிளக், தண்ணீர், நாற்காலி என்று நீளமாக எழுதினால் பாதி மறைந்துவிடுமா? பிடித்த பணம் பிடித்ததுதான்.

எல்க்கார்ட்_பெரியவர்:
அந்தப் பணம் தொலைந்து போவதில்லை சார். முழு ஓய்வு வயது வந்ததும், எந்தெந்த மாதம் நிறுத்தி வைத்தார்களோ அதைக் கணக்கில் எடுத்து மாதத் தொகையைக் கூட்டித் தருவார்கள். உங்களுக்கு இந்தப் "பாதி" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 300 நிறுத்த வேண்டுமென்றாலும் ஒரு மாதத் தொகையை முழுதாக நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த வருடம் தருவார்கள். யாரோ ஒருவருக்கு ஒரு மாதம் பணம் வரவில்லை, அதைக் கேட்டுவிட்டுப் பாதி போச்சு, முழுசும் போச்சு என்று கிளப்பிவிட்டீர்கள்.

கணக்கு_63:
அப்படியானால் ஒரு மாதம் முழுதாக நிறுத்துகிறார்கள் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அது பாதியை விட மோசம். அதோடு விட்டார்களா? ஓய்வுத் தொகையில் 85 சதவீதம் வரியாகவும் போகும்.

ஷிகாகோ_தறிக்காரர்:
85 சதவீதம் வரி இல்லை ஐயா. அதிகபட்சம் 85 சதவீதத்தை வருமானமாகக் கணக்கில் சேர்ப்பார்கள், அந்தத் தொகைக்கு அவரவர் விகிதப்படி வரி. இரண்டும் ஒன்றில்லை. இது தெரியாமலா இத்தனை வருடம் கணக்கு எழுதினீர்கள்?

கணக்கு_63:
நீங்கள் நடுவில் வராதீர்கள். போன பொங்கல் விழாவில் சாப்பாட்டு டோக்கன் குறைந்தபோது என் கணக்கு சரி, உங்கள் கணக்கு தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தது.

ஷிகாகோ_தறிக்காரர்:
டோக்கன் குறைந்தது நீங்கள் உங்கள் தெருக்காரர்களுக்கு எடுத்துக் கொடுத்ததால். பரிமாறுகிற இடத்தில் நான்தான் நின்றேன். வடையே கிடைக்காமல் போன குழந்தைகளை நான் பார்த்தேன்.

டெக்சாஸ்_சிங்கம்:
வடை விவகாரம் இருக்கட்டும். பெரியவரே, மூன்று மணி நேரம் வாக்-த்ரூ என்கிறீர்கள். நான் எங்கள் ஊரில் வண்டி வாங்கியபோது 40 நிமிடத்தில் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். உங்கள் கடை மட்டும் கோயிலா?

எல்க்கார்ட்_பெரியவர்:
40 நிமிடத்தில் கொடுத்தது தப்பு. உங்களுக்கு குளிர்கால வேலையைச் சொல்லித் தந்தார்களா? சுடுநீர்த் தொட்டிக்குள் எதுவும் போகாதபடி பைபாஸில் வைத்து, குழாய்களில் குளிரில் உறையாத இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் ஓடவிடாமல் டிசம்பரில் நிறுத்தினால் இங்கே குழாய் வெடிக்கும். எங்களுக்கு அக்டோபர் முழுக்க அந்த வேலைதான். டயரின் வயதைப் பார்க்கச் சொன்னார்களா? பக்கவாட்டில் டி.ஓ.டி. எண் இருக்கும், அதன் கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். சொல்லியிருக்க மாட்டார்கள். ஏனென்றால் கமிஷனுக்கு நிற்பவருக்கு அடுத்த ஆளைப் பிடிக்க வேண்டும். எனக்கு மணிக்கணக்கில்தான் சம்பளம், அவசரமே கிடையாது.

டெக்சாஸ்_சிங்கம்:
எங்கள் டெக்சாஸில் குழாய் வெடிப்பதில்லை.

ஷிகாகோ_தறிக்காரர்:
2021 பிப்ரவரியை மறந்துவிட்டீர்களா? டெக்சாஸ் முழுக்க வீட்டுக் குழாயே வெடித்தது.

டெக்சாஸ்_சிங்கம்:
அது ஒரு தடவை. இந்தக் குழுவில் டெக்சாஸ் என்றாலே மட்டம் தட்ட ஒரு கூட்டம் இருக்கிறது.

ஒஹாயோ_மதுரைக்காரி:
அண்ணா, நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கூரை ஏற வேண்டுமா? பகுதி நேரம் என்றால் மருத்துவக் காப்பீடு தருவார்களா? அவருக்கு 65 ஆக இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, அரசாங்க மருத்துவக் காப்பீடான மெடிகேர் அதற்குப் பிறகுதானே.

கணக்கு_63:
போக வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. 64 வயது என்றால் அவருக்கு நிச்சயம் பாதி போகும்.

எல்க்கார்ட்_பெரியவர்:
ஐயோ, மறுபடியும் பாதியா! அம்மா, இவர் பேச்சைக் கேட்காதீர்கள். உங்கள் கணவர் ஓய்வுத் தொகையை இன்னும் வாங்க ஆரம்பிக்கவில்லை என்றால் நிறுத்தி வைக்க எதுவுமே இல்லை. வாங்குகிறார் என்றால் அந்தந்த வருட வரம்பைத் தாண்டாமல் மணி நேரத்தை வைத்துக்கொள்ளலாம், அதை மேனேஜரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், எழுதியும் கொடுங்கள். கணக்கு சார், நாளைக் காலை எட்டு மணிக்கு எனக்கு இரண்டு ஃபிஃப்த் வீல், அதாவது பிக்கப் வண்டி இழுக்கும் பெரிய டிரெய்லர், காத்திருக்கிறது. சாயங்காலம் வந்து 24,000-ல் 300 எத்தனை சதவீதம் என்று உங்களுக்கு எழுதுகிறேன்.

கணக்கு_63:
எழுதுங்கள். 600-ல் 300 எவ்வளவு என்றும் சேர்த்து எழுதுங்கள்.

ஒஹாயோ_மதுரைக்காரி:
சனிக்கிழமை?