கலைச்சொல் விவாதம்: ‘த்ராட்லிங்’குக்குத் தமிழில் என்ன சொல்வது?

மடல் 1 (சென்னை, மொழிபெயர்ப்பாளர்)

அனைவருக்கும் வணக்கம்.

பழைய அலுவலக மடிக்கணினிகளை மேம்படுத்துவோருக்கான பழுதறி கையேட்டின் தமிழாக்கம் ஓரிடத்தில் நிற்கிறது. எடுத்துக்காட்டுகள் எல்லாம் திங்க்பேட் டி480, டெல் லாட்டிடியூட் இரண்டிலிருந்தும் வருகின்றன. ரேம், எஸ்எஸ்டி மாற்றும் பகுதிகள் முடிந்துவிட்டன. ‘தெர்மல் த்ராட்லிங்’ (சூடானதும் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது) என்பதற்கு வரைவில் ‘வெப்பத் தணிப்பு’ என்று இருக்கிறது. மெய்ப்புப் பார்த்தவர்கள் அதைக் ‘கணினியைக் குளிர்வித்தல்’ என்றே எடுத்துக்கொண்டார்கள். பொருள் தலைகீழாகிறது.

பெயராகவும் வினையாகவும் வரக்கூடிய சொல் வேண்டும். அட்டவணைத் தலைப்பிலும் அடங்கவேண்டும். இதுவரை வந்த பரிந்துரைகள்: வெப்பத்தடை, வேகத்தடை, நெரிப்பு, மட்டுப்படுத்தல்.

மடல் 2 (கோவை, மடிக்கணினிப் பழுதுநீக்குநர்)

> வெப்பத்தடை, வேகத்தடை, நெரிப்பு, மட்டுப்படுத்தல்

வணக்கம்ங்க. வேகத்தடை என்றால் சாலையில் இருக்கும் மேடு, அதை விட்டுவிடலாம். வெப்பத்தடை இயற்பியலில் ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது. பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை) பூசுவதே சிப்புக்கும் அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்குக்கும் இடையிலான வெப்பத்தடையைக் குறைக்கத்தான். ஒரே பக்கத்தில் இரண்டு பொருளிலும் அது வந்தால் வம்பு.

அதைவிடப் பெரிய சிக்கல், ‘வெப்ப’ என்று தொடங்குவதே. செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது விளைவு. வெப்பம் அதன் காரணங்களில் ஒன்று மட்டுமே. சொல்லிலேயே வெப்பத்தை ஏற்றிவிட்டால், வேகம் குறைந்த ஒவ்வொரு மடிக்கணினியையும் திறந்து பேஸ்ட் மாற்றிக்கொண்டிருப்பார்கள். கடைகளில் இப்போது நடப்பதும் அதுதான்.

டி480-இல் வரும் இன்டெல் ஐ5-8250யு செயலியை எடுத்துக்கொள்வோம். வடிவமைப்பு மின்திறன் 15 வாட், அடிப்படை வேகம் 1.6 ஜிகாஹெர்ட்ஸ், டர்போ என்னும் தற்காலிக அதிவேக நிலையில் 3.4 வரை போகும். உச்ச வெப்பநிலை 100 டிகிரி. முழுச் சுமை கொடுத்துவிட்டு வெப்பநிலை, வாட், வேகம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். விண்டோஸில் த்ராட்டில்ஸ்டாப், ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற நிரல்களில் ஒன்று போதும்.

வெப்பநிலை 95-ஐத் தாண்டி 100-ஐ ஒட்டி நிற்கிறது, வாட் 15-ஐக்கூட எட்டவில்லை என்றால் குளிர்விப்பில் கோளாறு. காய்ந்த பேஸ்ட், விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளிபோல் படிந்த தூசி, நின்றுபோன விசிறி இவற்றில் ஒன்று. இது ஒன்றுதான் உண்மையான தெர்மல் த்ராட்லிங்.

வெப்பநிலை எழுபதுகளில் இருக்கிறது, சில விநாடி 3 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிவிட்டு வாட் 15-இல் போய் நிலைத்து வேகம் இறங்குகிறது என்றால் அது பழுதே அல்ல. நீண்டநேர மின்திறன் வரம்பு தன் வேலையைச் செய்கிறது. எல்லாக் கோர்களுக்கும் சுமை கொடுத்தும் வேகம் 1.6-க்குக் கீழே போகாதவரை செயலி விற்ற விவரப்படியே ஓடுகிறது என்று பொருள்.

மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றும். வெப்பநிலை 45, வாட் இரண்டோ மூன்றோ, வேகம் 400 மெகாஹெர்ட்ஸ். மௌஸ் நகர்த்தினால்கூடத் திணறும். இங்கே செயலி தானாகக் குறையவில்லை. மதர்போர்டில் இருக்கும் வேறொரு பாகம் ‘பிடி ப்ராக்ஹாட்’ (BD PROCHOT, ‘செயலி சூடு’ என்று அறிவிக்கும் இருவழிச் சைகை) என்ற கம்பி வழியே சைகை கொடுத்து அதை அமுக்கிவைத்திருக்கிறது. லாட்டிடியூட்டில் வழக்கமான குற்றவாளி சார்ஜர். செருகுமுனையின் நடு ஊசி வழியாகத்தான் சார்ஜர் தன் வாட்டைச் சொல்கிறது. அந்த ஊசி வளைந்தாலோ, உள்ளே ஒயர் அறுந்தாலோ, போலிச் சார்ஜராக இருந்தாலோ, ‘அடாப்டரின் வகை தெரியவில்லை’ என்று பூட் ஆகும்போதே எச்சரிக்கை வரும். பேட்டரி ஏறாது, வேகமும் விழும். சார்ஜரைக் கழற்றியதும் வேகம் திரும்பினால் சார்ஜரோ ஜாக்கோதான். ஜாக் சில மாடல்களில் தனிக் கேபிளில் வரும்; அதை மாற்றுவது எளிது.

கழற்றியும் திரும்பவில்லை என்றால் டி480-இல் கணினியை அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, அடிப்புறத்து அவசர மீட்டமைப்புத் துளையில் நேராக்கிய பேப்பர் கிளிப்பால் அழுத்துங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் போர்டில் உள்ள சென்சாரை ஐயப்படவேண்டும். த்ராட்டில்ஸ்டாப்பில் அந்தச் சைகையைப் புறக்கணிக்கும் டிக் இருக்கிறது, காணொளிகளில் எல்லோரும் அதைத்தான் மருந்தாகச் சொல்கிறார்கள். அது நோயறியும் சோதனை, மருந்தல்ல. செயலியின் சொந்த வெப்பப் பாதுகாப்பு அப்போதும் இருக்கும். ஆனால் திறன் போதாத சார்ஜரின்மேல் முழுச் சுமை ஏறும்.

ஆகவே விளைவுக்கு ஒரு சொல், காரணம் முன்னொட்டாக. இதுதான் என் கோரிக்கை. சொல்லை நீங்களே பார்த்து வையுங்கள்.

மடல் 3 (யாழ்ப்பாணம், ஆசிரியர்)

கோவை அண்ணா சொல்வது சரி. சொற்களைப் பற்றி மட்டும் சில குறிப்புகள்.

நெரிப்பு: ஆங்கிலச் சொல்லின் வேர் தொண்டை என்பதால் யாரோ அங்கேயிருந்து எடுத்திருக்கிறார்கள். தமிழில் நெரித்தல் கொலைச்செயல். இங்கே நடப்பது தற்காப்பு.

ஒடுக்கம்: தமிழகப் பாடநூலில் ஆக்சிஜனேற்றத்துக்கு எதிர்ப்பதம் இதுதான். எங்களுக்கு அது தாழ்த்தல். இரு பக்கத்து மாணவர்களும் குழம்புவார்கள்.

அமர்முடுகல்: இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், ஆனால் அது இயக்கவியலுக்கு உரியது. தமிழகத்தில் எதிர்முடுக்கம் என்பீர்கள். இரண்டும் வேண்டாம்.

அதிர்வெண் என்று தொடங்கினால் நாங்கள் மீடிறன் என்போம். ‘வேகம்’ என்று தொடங்கினால் இரு பக்கமும் ஏற்கும். இயற்பியலில் கதி, வேகம், திசைவேகம் என்ற பிணக்கு உண்டுதான். கணினிக்கு அந்த நுட்பம் தேவையில்லை.

என் முன்மொழிவு: வேகத்தணிப்பு. வரைவில் இருந்த ‘தணிப்பு’ நல்ல சொல்தான். எதைத் தணிப்பது என்பதில்தான் பிழை இருந்தது.

மடல் 4 (சென்னை, மாணவர்)

ஏன் இவ்வளவு பாடு? ரிச்சி தெருவில் எல்லோரும் ‘த்ராட்டில் ஆகுது’ என்றுதான் சொல்கிறார்கள். அப்படியே எழுதினால் என்ன? ‘வேகத்தணிப்பு’ என்பதை நான் முதலில் ‘வேகத் தணிக்கை’ என்றே படித்தேன். வேகத்துக்கு யார் சென்சார் சான்றிதழ் தருகிறார்கள் என்று யோசித்தேன்.

மடல் 5 (மதுரை, லினக்ஸ் பயனர்)

தம்பி, கவுண்டரில் அப்படியே சொல்லுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் ‘த்ராட்டில் ஆகுது’ என்பதில் எது, எதனால் என்ற இரண்டுமே இல்லை. பில்லில் அப்படி எழுதினால் வாடிக்கையாளர் என்ன பழுது என்று எப்படி அறிவார்?

காரணத்தைப் பிரிப்பது புதிதல்ல. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலே பிரித்துத்தான் வைத்திருக்கிறது. இன்டெல் செயலிகளில் வெப்பத்தால் வேகம் குறைந்த நிகழ்வுகளுக்கு ஓர் எண்ணி, மின்வரம்பு நிகழ்வுகளுக்கு வேறோர் எண்ணி. சுமை கொடுக்கும் முன்னும் பின்னும் படித்தால் எது கூடியது என்று தெரிந்துவிடும்.

டி480-இல் லினக்ஸ் போடுவோருக்கு ஒரு கிளைக்கதையும் உண்டு. விண்டோஸில் 97 டிகிரி வரை போகவிடும் அதே கணினி, லினக்ஸில் 80-லேயே வேகம் குறையத் தொடங்கும். ஃபர்ம்வேர் (கணினிக்குள்ளேயே பதிந்துவரும் நிரல்) வைத்த வரம்பு அப்படி. ‘த்ராட்டில்டு’ என்ற கட்டற்ற நிரல் அந்த வரம்பை மாற்றி எழுதும். இதை அறியாமல் பேஸ்ட் மாற்றினால் 80 என்ற எண் அசையாது. அந்த நிரலின் அமைப்புக் கோப்பில், சூட்டைக் குறைக்கச் செயலிக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் வசதியும் உண்டு. 2019-இல் ‘ப்ளண்டர்வோல்ட்’ பாதுகாப்புக் குறை வெளியானபின் பல கணினிகளில் பயாஸ் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை நிரல்) புதுப்பிப்பு அதைப் பூட்டிவிட்டது. எனவே கையேட்டில் ‘முதலில் மின்னழுத்தத்தைக் குறை’ என்ற வரி இருந்தால் நீக்கிவிடுங்கள்.

இன்னொன்று, சொல் செயலியோடு நிற்கக்கூடாது. என்விஎம்இ எஸ்எஸ்டியும் சூடானால் தன் வேகத்தைக் குறைக்கும். அது தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் எச்சரிக்கை வெப்பநிலையில் கழிந்த நிமிடங்கள் பதிவாகும். சிலவற்றில் எத்தனை முறை குறைத்தது என்றும் இருக்கும். ஆனால் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது பாதிவழியில் வேகம் சரிவதெல்லாம் இதனால் அல்ல. எஸ்எல்சி கேஷ் (எழுதுவதை முதலில் வாங்கிக்கொள்ளும் விரைவுப் பகுதி) நிரம்பிவிட்டால், எஸ்எஸ்டி குளிர்ந்திருந்தாலும் சரியும். அதை வேகத்தணிப்பு என்று எழுதக்கூடாது. அங்கே யாரும் தணிக்கவில்லை, தானாகத் தளர்கிறது. ‘வேகத்தளர்வு’ என்று வைத்தால் தன்வினை, பிறவினை வேறுபாடே வேலையைச் செய்துவிடும்.

மடல் 6 (கோவை)

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்த்துவிடுவோம். கையேட்டின் பேஸ்ட் மாற்றும் பத்தி இப்படி வரலாம்:

“வெப்பவழி வேகத்தணிப்பு உறுதியானால் மட்டும் இதைச் செய்க. பயாஸில் ‘பவர்’ பகுதிக்குப் போய் உள்பேட்டரியை முடக்கி, வெளிப்பேட்டரியைக் கழற்றுக. அடிமூடியின் திருகுகள் மூடியிலிருந்து பிரிந்து வராது, தளர்த்தினால் போதும். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதுக. ஹீட்சிங்கின் திருகுகளில் எண் இருக்கும். கழற்றும்போது எண்ணின் எதிர்வரிசை, இறுக்கும்போது நேர்வரிசை. ஒரே திருகை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சிப்பின் மூலை உடையக்கூடும். பழைய பேஸ்டை 90 விழுக்காட்டுக்குக் குறையாத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க. மடிக்கணினிச் சிப்புக்கு உலோக மூடி இல்லாததால் அதன் முழுப் பரப்பிலும் பேஸ்ட் படியவேண்டும்.”

நீர்த்த பேஸ்ட் வேண்டாம் என்றும் சேருங்கள். மூடியில்லாத சிப்பில் சூடு ஏறி இறங்க இறங்க அது ஓரத்துக்குப் பிதுங்கிவிடும், சில மாதத்தில் பழைய கதைதான். பேஸ்டுக்குப் பதில் வைக்கும் ஹனிவெல் பிடிஎம்7950 தாள் ஏறத்தாழ 45 டிகிரியில் இளகிப் படியும், பிதுங்காது. சற்று நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் பாதுகாப்புப் படலம் சுத்தமாக உரியும். பொருத்திய உடனே அளந்துவிட்டுக் குறை சொல்லவேண்டாம். சிலமுறை சூடேறி ஆறியபின் அளக்கவேண்டும்.

வாக்கியத்தில் சொல் உறுத்தவில்லை. எனக்குச் சம்மதம்.

மடல் 7 (சென்னை, மொழிபெயர்ப்பாளர்)

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் இப்படிப் போகிறது: பொதுச்சொல் வேகத்தணிப்பு, வினை ‘வேகம் தணிக்கப்படுகிறது’. வகைகள்: வெப்பவழி வேகத்தணிப்பு, மின்வரம்பு வேகத்தணிப்பு, புறச்சைகை வேகத்தணிப்பு. கேஷ் நிரம்புவதற்கு வேகத்தளர்வு. பயனரே பேட்டரிச் சேமிப்பு முறையைத் தேர்ந்தால் அது வெறும் வேகக்குறைப்பு. தம்பி சுட்டிய ‘தணிக்கை’ மயக்கத்துக்காக, முதல்முறை வருமிடத்தில் த்ராட்லிங் என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

ஒரு முடிச்சு மிச்சம் இருக்கிறது. ‘பிடி ப்ராக்ஹாட்’ கம்பியில் செயலியும் சைகை அனுப்பும், வெளியிலிருந்தும் அதற்குச் சைகை வரும். ‘இருவழிச் சூட்டுச்சைகை’ என்று எழுதினால், சூடே இல்லாமல் சார்ஜரால் வரும் சைகைக்கும் சூடு ஒட்டிக்கொள்கிறது. ‘இருவழித் தணிப்புச்சைகை’ போதுமா?