கொல்கத்தா பூச்சந்தையில் ஆட்களைப் படமெடுப்பது: கேட்டு எடுப்பதா, கேட்காமலா?

கேள்வி (புதுக்கேமரா):
ஜனவரியில் மூன்று நாள் கொல்கத்தா. விடியற்காலையில் ஹூக்ளி ஆற்றுப் படித்துறையில் இருக்கும் மல்லிக் காட் பூச்சந்தை, அப்புறம் களிமண் சிலை செய்பவர்களின் குமார்துலி என்று திட்டம். கையில் கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ். ஆட்களை எடுக்கத்தான் கை வருவதில்லை. கேட்டால் விறைப்பாக நின்றுவிடுகிறார்கள். கேட்காமல் எடுத்தால் தப்போ என்று உறுத்துகிறது. 55-300 ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கித் தூரத்திலிருந்து எடுக்கலாமா? செட்டிங்ஸும் சொல்லுங்கள்.

பதில் (எஃப்எட்டு):
55-300 வேண்டாம். அந்த நெரிசலில் உங்களுக்கும் பூக்காரருக்கும் நடுவே எப்போதும் நாலு தலை இருக்கும். அதோடு, நீண்ட லென்ஸ் ஒளிந்து பார்ப்பதுபோலத் தெரியும்.

லென்ஸை 18-இலேயே வையுங்கள். 2 மீட்டர் தள்ளி இருக்கும் தூணைப் பார்த்து ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸ் செய்து, அப்படியே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். எஃப்/8-இல் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிது, தெளிவு ஆழம் அதிகம்) சுமார் 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவாக இருக்கும். ஜூம் வளையம் கொஞ்சம் நகர்ந்தாலும் கணக்கு போச்சு. ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். மிரர்லெஸ் என்றால், கேமரா தூங்கி விழிக்கும்போது சில மாடல்களில் ஃபோகஸ் மாறிவிடும், மறுபடி பிடிக்க வேண்டும்.

ஆனால் விடியும் நேரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே எஃப்/8, ஷட்டர் 1/250 நொடி என்றால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 6400-ஐத் தொடும். வெளிச்சம் ஏறும்வரை எஃப்/4 போதும், தெளிவு 1.3 முதல் 4 மீட்டர்வரைதான், அந்த எல்லைக்குள் நில்லுங்கள். கூடையோடு ஓடுபவர்களுக்கு 1/500.

இரண்டு தொல்லை வரும். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே முகமெல்லாம் நீலம் பூசிக்கொள்ளும். செண்டுமல்லிக் குவியலில் சிவப்புச் சேனல் (படத்தின் சிவப்பு நிறப் பதிவு) முதலில் அளவு மீறிப்போய், இதழெல்லாம் ஒரே ஆரஞ்சுத் திட்டாகிவிடும். ரா (RAW) கோப்பாக எடுங்கள், எக்ஸ்போஷரை 2/3 ஸ்டாப் குறையுங்கள், ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவு வரைபடத்தில்) சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள்.

அங்கே நம் ஊரைவிடச் சூரியன் முந்திக்கொள்ளும். ஜனவரியில் 6.15-க்கு உதயம், மாலை 5 மணி தாண்டியதும் இருட்டத் தொடங்கிவிடும்.

பதில் (நடைபாதை):
கேட்பதா வேண்டாமா என்பதற்கு என் அளவுகோல்: படத்தில் இடம் பெரிது, ஆள் அதில் ஒருவர் என்றால் கேட்க வேண்டாம், ஆனால் கேமரா வெளிப்படையாகத் தெரியட்டும். முகம்தான் படம் என்றால் கேளுங்கள்.

"தாதா, ஏக்டா சொபி துல்போ?" (அண்ணா, ஒரு படம் எடுக்கட்டுமா?) போதும். (நம் ஊர் தாதா இல்லை, அங்கே அண்ணன்.) பெண்களுக்குத் தீதி, வயதான பெண்களுக்கு மாஷி. இந்தியும் ஓடும். கேட்டதும் விறைப்பாக நிற்பார்கள், நிற்கட்டும். அந்தப் படத்தையும் மனதார எடுத்துத் திரையில் காட்டுங்கள். பிறகு போய்விடாமல் ஐந்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள். அவர் மறுபடி மாலை கட்டக் குனிவார், நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். உங்கள் படம் அதுதான்.

தலையை ஆட்டி மறுத்தால் உடனே கேமராவை இறக்கிவிட்டு "டீக் ஆச்சே" (சரி, பரவாயில்லை) என்று நகருங்கள். காசு நீட்டாதீர்கள், அடுத்து வருபவனுக்கு அது கட்டணமாகிவிடும். இரண்டு முழம் பூ வாங்கிக்கொள்ளலாம், அல்லது வாட்ஸ்அப்பில் படத்தை அங்கேயே அனுப்பிவிடலாம். பிறகு அனுப்புகிறேன் என்றால் யாரும் அனுப்புவதில்லை.

தலைச்சுமையோடு வருபவரால் சட்டென்று நிற்க முடியாது. நடுப்பாதையில் நிற்காமல் தூணோரம் ஒதுங்குங்கள். படிகளில் அழுகிய பூவும் சேறும் வழுக்கும். வ்யூஃபைண்டரில் கண் வைத்தபடி பின்னால் அடி வைக்கவே கூடாது.

பதில் (ஹூக்ளிக்கரை):
பொது இடத்தில் ஆட்களை எடுப்பதற்கு நம் நாட்டில் பொதுவான சட்டத் தடை இல்லை. ஆனால் அந்தப் படித்துறையில் குளிப்பார்கள். குளிக்கும், உடை மாற்றும் பெண்கள் பக்கம் கேமராவே திரும்ப வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்கீழ் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354சி) முதல் தடவைக்கே 1 முதல் 3 ஆண்டு சிறை. "பொது இடம்தானே" என்று வாதாடிப் பார்க்கிற விஷயம் இல்லை அது. ஹௌரா பாலத்தின் மேல் நின்று எடுத்தால் காவலர் தடுக்கக்கூடும். படித்துறையிலிருந்து பாலம் முழுசாகக் கிடைக்கிறது, அதுவே நல்ல கோணம்.

குமார்துலிக்கு ஷோபாபஜார் சுதானுட்டி மெட்ரோவில் இறங்குங்கள். ஜனவரியில் சரஸ்வதி பூஜைக்கான சிலைகள் வரிசையாக நிற்கும். பட்டறை தெரு இல்லை, ஒருவருடைய வேலையிடம். வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது பை இடித்தால் ஈரக் களிமண் விரல் உடைந்துவிடும். பக்கத்திலேயே பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சி, அங்கே கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

புதுக்கேமரா:
நன்றி. குழந்தைகள் தாங்களாகவே வந்து எடுக்கச் சொன்னால்?

நடைபாதை:
பக்கத்தில் இருக்கும் பெரியவரின் கண்ணைப் பார்த்து, அவர் தலையசைத்தால் எடுங்கள். இணையத்தில் போடும்போது இடத்தின் பெயரை எழுதாதீர்கள், ஜிபிஎஸ் தகவலையும் நீக்கிவிடுங்கள்.